வி-ஏ பரீட்சைக்குக் கேள்வித் தொகுப்பு மட்டும் போதுமா?

கரூரிலிருந்து ஒரு வாசகர், 4 ஆகஸ்ட் 2024

மேடம், எனக்கு 46 வயது. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆகலாம் என்று என்ஐஎஸ்எம் வி-ஏ பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன். வொர்க்புக் ஆங்கிலத்தில் தடித் தடியாக இருக்கிறது. நண்பர் ஒருவர் 500 கேள்விகள் கொண்ட பிடிஎஃப் அனுப்பி, "இதை உருப்போடு, பாஸ்தான்" என்கிறார். அவர் அப்படித்தான் பாஸ் ஆனாராம். வொர்க்புக்கைத் தொடவே வேண்டாமா? கல்லூரி முடித்தபிறகு பரீட்சை என்று ஒன்றை எழுதியதே இல்லை. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

5 ஆகஸ்ட் 2024

பாஸ் ஆகலாம். உங்கள் நண்பர் சொல்வது பொய் இல்லை.

100 கேள்வி, 100 மதிப்பெண், 2 மணி நேரம். 50 எடுத்தால் தேர்ச்சி. தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடாமல் எதையாவது அழுத்திவிட்டு வரலாம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கீழ் இயங்கும் என்ஐஎஸ்எம் நடத்தும் பரீட்சைகளில் இதுதான் சாது. 500 கேள்வியை உருப்போட்டவருக்கு 50 வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த பிடிஎஃப் எந்த வருஷத்தது? அதை முதலில் பாருங்கள். எனக்கு வந்த ஒன்றில் லார்ஜ் கேப், மிட் கேப் (பெரிய கம்பெனி, நடுத்தரக் கம்பெனி) வரையறையே இல்லை. அந்த வகைப்பாடு செபி 2017 அக்டோபரில் கொண்டுவந்தது. அதற்கு முந்திய கேள்விகளை யாரோ அட்டை மாற்றி விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

5 ஆகஸ்ட், இரவு

வொர்க்புக்கை என்ஐஎஸ்எம் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதில் எந்த மாசம், எந்த வருஷப் பதிப்பு என்று போட்டிருக்கும். உங்கள் பரீட்சைத் தேதிக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதையும் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், போன மாசம் 23-ம் தேதி பட்ஜெட் வந்தது. பங்குகளில் பணம் போடும் ஈக்விட்டி ஃபண்டில் நீண்டகால மூலதன ஆதாய வரி 10-லிருந்து 12.5 சதவீதம். விலக்கு ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சம். குறுகியகால வரி 15-லிருந்து 20. வாடிக்கையாளரிடம் இன்றைக்கு நீங்கள் சொல்ல வேண்டியது புது எண்களை. பரீட்சையில் அழுத்த வேண்டியது உங்கள் பதிப்பில் இருக்கும் எண்களை. இரண்டையும் மண்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுமைதான்.

7 ஆகஸ்ட் 2024

"50 வயது தாண்டியவர்களுக்குப் பரீட்சை கிடையாது, வகுப்பில் உட்கார்ந்தால் போதும், இன்னும் நாலு வருஷம் பொறுத்திருங்கள்" என்று கரூர்க்காரருக்கு ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம் சார், பொறுத்திருக்காதீர்கள். அந்தச் சலுகை 2010 மே 31-ம் தேதி கணக்குப்படி 50 வயது ஆனவர்களுக்கும், அதே தேதியில் 10 வருஷ விற்பனை அனுபவம் இருந்தவர்களுக்கும்தான். பரீட்சை, ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியிடமிருந்து என்ஐஎஸ்எம் கைக்கு மாறிய சமயத்தில், ஏற்கெனவே தொழிலில் இருந்த பெரியவர்களுக்காகக் கொடுத்தது. இப்போது 50 ஆகிறவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தப் புரளி எங்கள் ஊர்ப்பக்கமும் உண்டு. சாகவே சாகாது.

11 ஆகஸ்ட் 2024

சரி, படிப்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வொர்க்புக்கில் 12 அத்தியாயம். முதல் இரண்டை நாவல் மாதிரி வாசித்துவிடலாம், கணக்குப் பார்க்கிறவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. தூக்கம் வருவது சட்ட அமைப்பு அத்தியாயத்தில். ஸ்பான்சர், டிரஸ்டி, ஏஎம்சி, கஸ்டோடியன், ஆர்டிஏ (முதலீட்டாளர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர்) என்று வரிசையாக வருவார்கள், யார் யாரை நியமிக்கிறார்கள் என்பதே குழம்பும். நான் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டு வரைந்து, சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் பார்ப்பேன். ஸ்பான்சர் டிரஸ்ட்டை உருவாக்குகிறார். டிரஸ்டி முதலீட்டாளர்களின் சார்பில் காவல் காக்கிறார். ஏஎம்சி, அதாவது ஃபண்டை நடத்தும் கம்பெனி, பணத்தை நிர்வகிக்கிறது. கஸ்டோடியன் பங்குப் பத்திரங்களை வைத்திருக்கிறார், ஏஎம்சி கையில் அது இருக்காது. ஏன் இத்தனை பேர் என்று ஒரு தடவை யோசித்துவிட்டால் போதும்: பணத்தை நிர்வகிக்கிறவனிடமே சொத்தையும் காவலையும் கொடுக்கக் கூடாது. அது புரிந்தபிறகு அந்த அத்தியாயத்தில் எனக்குப் பாதிக் கேள்விகள் உருப்போடாமலே வந்தன.

மீதிப் பாதி எண்கள். அதற்கு உருதான், வேறு வழியில்லை. டிரஸ்டிகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும். ஏஎம்சி இயக்குநர்களில் பாதிப் பேர். ஏஎம்சியின் நிகர மதிப்பில் ஸ்பான்சர் குறைந்தது 40 சதவீதம் போட வேண்டும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றித்தான் கேட்பார்கள். நாலு விடையும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல இருக்கும்.

அப்புறம் 20-25 விதி. ஒரு திட்டத்தில் குறைந்தது 20 முதலீட்டாளர்கள், எந்த ஒருவரிடமும் 25 சதவீதத்துக்கு மேல் கூடாது. இதைத் திருப்பிப் போட்டு "25 பேர், 20 சதவீதம்" என்று ஒரு விடை கட்டாயம் இருக்கும். அவசரத்தில் வாசிக்கிறவர்கள் அதில்தான் விழுவார்கள்.

சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனி லார்ஜ், 101 முதல் 250 வரை மிட், 251-லிருந்து ஸ்மால். லார்ஜ் கேப் ஃபண்ட் 80 சதவீதத்தை லார்ஜில் போட வேண்டும், மிட் கேப் ஃபண்டுக்கும் ஸ்மால் கேப் ஃபண்டுக்கும் 65. மல்டி கேப் என்றால் மூன்றிலும் குறைந்தது 25, 25, 25. ஃப்ளெக்ஸி கேப்புக்கு அந்தப் பங்கீடு கிடையாது, மொத்த ஈக்விட்டி 65 இருந்தால் போதும்.

11 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

ஒரு ஃபண்டில் ரிஸ்க் எவ்வளவு என்று காட்டும் ரிஸ்கோமீட்டரில் ஆறு நிலைகள். கடைசி நிலை "மிக அதிகம்". அது யார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுதினால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடைக்காது.

18 ஆகஸ்ட் 2024

கரூர்க்காரர் தனியாக எழுதியிருந்தார். பாடம் புரிகிறதாம், உட்கார்ந்தால் பயம் வருகிறதாம். மகன் பிளஸ் டூ படிக்கிறான், அவன் முன்னால் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறதாம். தோற்றால் வீட்டில் முகம் காட்ட முடியாதாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் அதற்கு முன்பு காப்பீட்டு முகவர். அந்தப் பரீட்சையை எழுதிப் பல காலம் ஆகியிருந்தது. வி-ஏ-க்குப் பணம் கட்டியபிறகு வீட்டில் யாரிடமும் தேதியைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது தைரியமா கோழைத்தனமா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் "எப்படி எழுதினாய்" என்று கேட்க ஆள் இல்லாதது பெரிய நிம்மதி. மையத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பையன். நான் முதல் பத்துக் கேள்வியைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அவன் முடித்துவிட்டு எழுந்து போனான். எனக்குக் கை சில்லிட்டுப் போனது, ஏசி வேறு. அப்புறம்தான் உறைத்தது, அவன் எழுதியது வேறு பரீட்சையாகவும் இருக்கலாம். ஒரே அறையில் ஆளுக்கொரு பரீட்சை எழுதுவார்கள். யார் முதலில் எழுந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

தோல்வி என்றால் என்ன ஆகும்? மறுபடி 1,500 ரூபாய் கட்டி மறுபடி எழுதலாம். உங்கள் மகனுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் காலேஜ் வரைக்கும் துரத்தும். உங்களை இது துரத்தாது. விநியோகஸ்தரின் மதிப்பெண்ணை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டதே இல்லை.

19 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதில் கடைசிப் பகுதி எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. 1,500 ரூபாய் எனக்குப் பெரிசில்லை, சம்பளத்தில் பிடித்தம் போக வீட்டுக்கடன் கட்டுகிறவருக்குப் பெரிசுதான். தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மகனிடமே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அப்பாவை மடக்குவது என்றால் பிளஸ் டூ பையன் சும்மா இருப்பானா?

1 செப்டம்பர் 2024

கணக்குகள். உங்களுக்கு எளிது, ஆனால் ஒரு பொறி இருக்கிறது.

முதலீடுகளின் சந்தை மதிப்பு 12 கோடி, வர வேண்டிய வட்டி 20 லட்சம், செலவும் கடனுமாகக் கொடுக்க வேண்டியது 10 லட்சம், யூனிட் மூலதனம் 10 கோடி, முகமதிப்பு 10 ரூபாய். என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, என்ன? மேலே உள்ளதைக் கூட்டிக் கழித்தால் 12.10 கோடி. அதை 10 கோடியால் வகுத்து 1.21 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த விடையும் தயாராக இருக்கும். யூனிட் மூலதனத்தை முகமதிப்பால் வகுத்தால்தான் யூனிட் எண்ணிக்கை, ஒரு கோடி. என்ஏவி 12.10.

கூட்டு வளர்ச்சியும் அப்படியே. 10,000 ரூபாய் இரண்டு வருஷத்தில் 14,400 ஆனால் வருஷத்துக்கு 20 சதவீதம். 22 என்பதும் விடைகளில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், 2020 ஜூலை 1-லிருந்து. ஒரு மதிப்பெண் கேள்விதானே என்று விடாதீர்கள். 10,000 ரூபாய் எஸ்ஐபி (மாசாமாசம் தவணை முதலீடு) போட்ட ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "9,999 ரூபாய் 50 பைசாவுக்குத்தான் யூனிட் வந்திருக்கு, மிச்சம் 50 பைசா யார் எடுத்தது?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அன்றைக்கு வொர்க்புக் கைகொடுத்தது.

14 செப்டம்பர் 2024

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி: "அக்கா, நான் வொர்க்புக் பக்கமே போகல. டம்ப், அதான் அந்தக் கேள்வித் தொகுப்பு, மட்டும்தான். 58. நீங்க சும்மா பயமுறுத்துறீங்க."

வாழ்த்துகள் தம்பி. நான் பயமுறுத்தவில்லை, முதல் பதிலிலேயே பாஸ் ஆகலாம் என்றுதான் எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் பாருங்கள்.

22 செப்டம்பர் 2024

கொஞ்சம் ஊர்ப் பெருமை. தனியார் துறையில் முதல் மியூச்சுவல் ஃபண்ட் 1993-ல் வந்த கோத்தாரி பயோனியர். சென்னையில் ஆரம்பித்தது. பின்னால் ஃப்ராங்க்ளின் டெம்பிள்டனுடன் சேர்ந்துவிட்டது. நாம் படிவம் கொடுக்கிற ஆர்டிஏவான கேம்ஸும் சென்னைதான். 1963 சட்டத்தில் யூனிட் டிரஸ்ட் பிறந்தது, அடுத்த வருஷம் யூஎஸ்-64 திட்டம், 1987-ல் பொதுத்துறை வங்கிகள் உள்ளே வந்தன, 1993-ல் தனியார். இந்த வரிசை பரீட்சைக்கு வருமோ வராதோ. ஆனால் 2001-ல் யூஎஸ்-64 சிக்கலில் பணம் மாட்டியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். "யூனிட்" என்றதுமே வாசலைக் காட்டுவார்கள். எங்கள் பெரியப்பா ஒருவர் கடைசிவரை காட்டினார். என்ன ஆனது என்று தெரிந்துவைத்திருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து பேச முடியும்.

20 அக்டோபர் 2024

கரூர்க்காரர் பாஸ். 71. மகன்தான் கேள்வி கேட்டானாம். "20-25-ஐத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தார்கள் மேடம்" என்று ஒரு வரி. சந்தோஷம்.

இனி ஆம்ஃபியில் ஏஆர்என் (விநியோகஸ்தர் பதிவு எண்) வாங்க வேண்டும். கூடவே ஈயூஐஎன் (விற்கிற ஆளின் தனி அடையாள எண்) வரும். சான்றிதழ் தேதியை இன்றைக்கே ஃபோன் காலண்டரில் போடுங்கள். மூன்று வருஷம்தான் செல்லும். முடிவதற்கு முன் சிபிஇ என்ற தொடர்கல்வி வகுப்பை முடித்துவிட்டால் புதுப்பித்துக்கொள்ளலாம். விட்டுவிட்டால் மறுபடி பரீட்சைதான். எனக்குத் தெரிந்த ஒருவர் மகள் கல்யாண வேலையில் மறந்துவிட்டு, அறுபது வயசில் மறுபடி ரிஸ்கோமீட்டர் உருப்போட்டார்.

27 அக்டோபர் 2024

வருமானம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பரீட்சையைவிட இதில்தான் நிறையப் பேர் மனம் உடைகிறார்கள், ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறேன். 2009 ஆகஸ்டில் நுழைவுக் கட்டணம் போனது. 2018 அக்டோபரில் முன்பணக் கமிஷனும் நின்றது. இப்போது வருவது பெரும்பாலும் டிரெய்ல்தான். வாடிக்கையாளர் பணம் உள்ளே இருக்கும்வரை சிறுகச் சிறுக. வருஷத்துக்கு 0.8 சதவீதம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ரூபாய் சேர்த்தால் வருஷம் 80,000. மாசத்துக்கு 6,700-க்குக் கொஞ்சம் கீழே. 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிற 100 பேர் இருந்தால் வருஷத்தில் 60 லட்சம்தான் உள்ளே வரும். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் என் காப்பீட்டுப் புதுப்பிப்புக் கமிஷன்தான் வீட்டை ஓட்டியது.

8 டிசம்பர் 2024

ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ், அதாவது என்ஐஎஸ்எம்மின் இன்னொரு பரீட்சையான சீரீஸ் 8 எழுதப் போகிறவர் கேட்கிறார்: தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

அங்கே 60 எடுக்க வேண்டும், தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். "தெரியாவிட்டால் தொடாதே" என்பதுதான் எல்லாரும் சொல்வது. கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. நாலு விடையில் கண்ணை மூடி ஒன்றை அழுத்தினால், நாலு தடவைக்கு ஒரு தடவை 1 வரும், மூன்று தடவை கால் கால் போகும். நாலு கேள்விக்கு நிகரமாகக் கால் மதிப்பெண் லாபம். சொற்பம், ஆனால் நஷ்டம் இல்லை. இரண்டு விடையைத் தள்ளிவிட்டு மிச்சம் இரண்டில் ஒன்றை எடுத்தால் கேள்விக்குச் சராசரி 0.375. அது நல்ல லாபம்.

9 டிசம்பர் 2024

நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டு ஒருவர் "அப்போ எல்லாத்தையும் அடிச்சு விட்டுடலாம்" என்று குதிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். உறுதியாகத் தெரிந்தது 55, மீதி 45-ஐயும் கண்ணை மூடி அடித்தால் சராசரியாக 3 மதிப்பெண்கூடச் சேராது, 58-ல் நிற்பீர்கள். அதே 55-உடன், இரண்டு விடையைத் தள்ள முடிகிற 20 கேள்வி இருந்தால் 62-ஐத் தாண்டலாம். அந்த இரண்டு விடையைத் தள்ளுவதற்கு வொர்க்புக் படித்திருக்க வேண்டும். டம்ப் மட்டும் படித்தவருக்குச் சரியான விடை தெரியும், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று தெரியாது. கேள்வியை ஒரு வார்த்தை மாற்றிப் போட்டால் அங்கேயே நின்றுவிடுவார்.

12 ஜனவரி 2025

கோயம்புத்தூர்த் தம்பி மறுபடி வந்திருக்கிறார். "அக்கா, கஸ்டமர் ஒருத்தர் 2022 ஜனவரியில இஎல்எஸ்எஸ் (வரிச் சேமிப்பு ஃபண்ட்) எஸ்ஐபி ஆரம்பிச்சார். மூணு வருஷம் முடிஞ்சுது, முழுப் பணமும் வேணுங்கிறார். நானும் சரின்னு சொல்லிட்டேன். இப்ப முதல் தவணை மட்டும்தான் எடுக்க முடியும்னு வருது. ஏன்?"

ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக மூன்று வருஷம் லாக்-இன், அதாவது அதுவரை எடுக்க முடியாது. 2022 பிப்ரவரித் தவணை வரும் பிப்ரவரியில்தான் திறக்கும், 2024 டிசம்பரில் போட்டது 2027 டிசம்பரில். இது வொர்க்புக்கில் இருக்கிறது தம்பி. டம்பில் "லாக்-இன் எத்தனை வருஷம்? 3" என்று மட்டும் இருந்திருக்கும். இன்றைக்கே வாடிக்கையாளர் வீட்டுக்கு நேரில் போங்கள். ஃபோனில் சொன்னால் கோபம் இரட்டிப்பாகும்.

2 பிப்ரவரி 2025

நாமினி எண்ணிக்கை பற்றி. நான் வைத்திருக்கும் பதிப்பில் 3 பேர் வரை. செபி போன மாசம் 10 பேர் வரை என்று அறிவித்துவிட்டது. எதை எழுதுவது என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. வரிக்குச் சொன்ன அதே பதில்: உங்கள் பதிப்பில் என்ன இருக்கிறதோ அது.

வீட்டிலிருந்தே வெப்கேமரா முன்னால் எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்ப முடிந்தால் மட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி உள்ளே வந்து, "என்னம்மா கம்ப்யூட்டரையே முறைச்சிக்கிட்டிருக்க?" என்று கேட்டிருக்கிறார். அறையில் இன்னொரு ஆள் வரக் கூடாது என்பது விதி. அதைப் பாட்டிக்கு யார் சொல்வது? நான் மையத்துக்குத்தான் போகச் சொல்வேன்.

9 மார்ச் 2025

கரூர்க்காரர் இப்போது எக்ஸ்-ஏ எழுதலாமா என்கிறார், முதலீட்டு ஆலோசகர் பரீட்சை. ருசி கண்டுவிட்டார். 150 மதிப்பெண், 3 மணி நேரம், 60 சதவீதம் எடுக்க வேண்டும், தவறுக்குக் கழிவும் உண்டு. படிப்பதற்கு நல்ல பாடம், நானே எழுதியிருக்கிறேன். ஆனால் ஆலோசகராகப் பதிவு செய்தால் விநியோகக் கமிஷனை விட வேண்டியிருக்கும். தனிநபர் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. உங்களுக்கு ஏஆர்என் வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. முதலில் இந்த மார்ச்சுக்குள் 80சி வரிக் கழிவுக்காக ஓடிவருகிறவர்களைப் பாருங்கள். பழைய வரி முறையில் இருக்கிறார்களா என்று கேட்டபிறகே இஎல்எஸ்எஸ் படிவத்தை எடுங்கள். புது முறையில் 80சி கழிவு கிடையாது. எக்ஸ்-ஏ பற்றி ஜூனில் பேசுவோம்.